வண்டிதான் நிற்கிறது, இன்ஜின் நிற்கவில்லையே!

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். டீசல் வண்டி, ஒன்பது வருடப் பழசு. எனக்கு வயது 41. மதியம் பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் வாசலில் இடம் பிடித்தால்தான் பிள்ளைகளைச் சுலபமாக ஏற்ற முடியும். அந்த நேரம் முழுக்க ஏ.சி. போட்டு வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருப்பேன். போன வாரம் பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி, "பச்சப் பிள்ளைங்க மூஞ்சியில விஷத்தை ஊதிக்கிட்டு நிக்கிறியே, உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் மெக்கானிக்கோ, "சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் டீசல்தான் வீண், செல்ஃப் மோட்டாரும் போய்விடும்" என்கிறார். யார் சொல்வது சரி? இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா? காலையில் இன்ஜின் சூடாவதற்காக ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஓட விடுகிறேன். ஷெட்டை ஒட்டிய அறையில் அப்பா படுத்திருப்பார், அவருக்குச் சத்தம்தான் தொந்தரவு. எனக்குச் சாயங்காலமானால் தலைவலி, கொஞ்ச நாளாக வறட்டு இருமலும் இருக்கிறது. இதற்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டா?

— ஒரு வேன் ஓட்டுநர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். ஷெட்டை ஒட்டிய அறையில் அப்பா படுத்திருக்கிறார் என்ற வரி. அதைப் படித்ததும் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டேன். நாளைக் காலையிலிருந்து ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். ஸ்டார்ட் செய்த கையோடு வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். ஷெட் கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. காற்று எப்போதும் வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளி, உள்கதவின் அடிப்பக்கம், பொதுச்சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் என்று எங்கே வழி கிடைத்தாலும் அறைக்குள் போய்விடும்.

இதில் நான் முதலில் பயப்படுவது கார்பன் மோனாக்ஸைடுக்கு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். உங்கள் வேனில் பிள்ளைகள் உட்கார வேண்டிய இருக்கைகளில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும், அதுதான் ரத்தத்துக்குள் நடக்கிறது. டீசல் இன்ஜின் இந்த வாயுவைப் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவாகத்தான் விடும், உண்மை. ஆனால் குறைவு என்பது பூஜ்யம் இல்லை. மேலும் டீசல் வண்டி நைட்ரஜன் டை ஆக்ஸைடையும் கரித்துகளையும் கூடுதலாகவே விடும். வயதானவரின் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அவை இரண்டுமே ஆகாது. அதே ஷெட்டில் பெட்ரோல் பைக்கும் நின்றால் அதையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அப்பாவுக்குக் காலை நேரத்தில் தலைசுற்றல், தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு இருந்திருக்கிறதா, வெளியே வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் காட்டும்போது ஷெட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமல் போகலாம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவியில் 98 காட்டுகிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். சாதாரணக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆள் மயங்கும் நிலையில் இருக்கும்போதும் அது நல்ல எண்ணையே காட்டலாம். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

சரி, இனி பள்ளி வாசலுக்கு வருவோம்.

பாட்டி கேட்ட விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பி, விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் அக்கறை இல்லை என்று அவர் நினைத்தது மட்டும்தான் தவறு. அக்கறை இல்லாதவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்.

வண்டி ஓடவில்லை, சும்மாதானே நிற்கிறது என்று எல்லோருமே நினைக்கிறோம். சக்கரம்தான் நிற்கிறது. உள்ளே நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்று இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏ.சி. போட்டால் அதற்கும் மேல். ஓடும் வண்டியின் புகை சாலை நெடுகப் பரவிக் கலைந்துபோகும். நிற்கும் வண்டியின் புகை ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். காற்று அசையாத மதிய நேரம், ஒரு பக்கம் பள்ளியின் மதில் சுவர், இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கும் வேன்கள். நடுவில் இருக்கும் சந்தில்தான் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரிகிற கறுப்பைவிடத் தெரியாததுதான் அதிகம். பி.எம். 2.5 என்று செய்திகளில் சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகையில் வருவதில் பெரும்பாலானவை அதைவிடவும் பல மடங்கு சின்னவை. மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும், மிகச் சிறியவை ரத்தத்துக்குள்ளும் இறங்கும். கூடவே நைட்ரஜன் டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயின் உள்சுவரை எரிச்சலூட்டி வீங்க வைக்கும். வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சு இறுக அது ஒன்றே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ஆம் ஆண்டு டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகை இருக்கும் அதே பிரிவு. ஒரு நாள் அரை மணி நேரம் நின்றால் புற்றுநோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வருடக்கணக்கில், தினமும், மிகப் பக்கத்தில் நின்று சுவாசிப்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுகிறது. பள்ளி வாசலில் அப்படி வருடக்கணக்கில் நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஆள் நீங்கள்தான்.

பிள்ளைகளின் விஷயம் வேறு மாதிரி. சைலன்சரின் வாய் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் மூக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில். வேனின் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஏறுகிற பிள்ளை அந்தப் புகைக்கு நடுவேதான் நடக்கிறது. அதோடு குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவார்கள், உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுப்பார்கள். விளையாட்டு முடிந்து ஓடி வந்தால் கேட்கவே வேண்டாம். அவர்களுடைய நுரையீரல் வேறு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தென் கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, மூச்சை ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து ஓர் ஆய்வு நடந்தது. காற்று அதிகம் மாசுபட்ட ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், பதினெட்டு வயதில் எட்ட வேண்டிய அளவை எட்டவில்லை என்று 2004-இல் சொன்னார்கள். பிறகு அந்த வட்டாரத்தில் புகைக் கட்டுப்பாடுகள் இறுகி, காற்று தெளிய ஆரம்பித்தது. அதன் பிறகு வளர்ந்த பிள்ளைகளை அதே போல் அளந்து பார்த்தால், அவர்களுடைய நுரையீரல் நன்றாக வளர்ந்திருந்தது. இது 2015-இல் வந்த முடிவு. என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டாம் பாதியைத்தான். காற்றைச் சரிசெய்தால் பிள்ளைகளின் உடம்பில் பலன் தெரிகிறது, அளந்து பார்க்கிற மாதிரியே தெரிகிறது.

இப்போது உங்கள் மெக்கானிக். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் கற்ற காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்துத்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும், அதில் எரிபொருள் வீணாகத்தான் செய்தது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் கார்களில் இதையே அளந்து பார்த்திருக்கிறது: பத்து நொடிக்கு மேல் இன்ஜினைச் சும்மா ஓட விட்டால், அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்வதைவிட அதிக எரிபொருள் செலவாகிறது. நீங்கள் நிற்பதோ பத்து நொடி இல்லை, முப்பது நிமிடம்.

செல்ஃப் மோட்டார் பற்றிய பயமும் வேண்டாம். பள்ளி வாசலில் அணைத்தால் ஒரு நாளைக்குக் கூடுதலாக ஒன்றோ இரண்டோ தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். அவ்வளவுதான். அதைத் தாங்கத்தான் அந்த மோட்டாரைச் செய்திருக்கிறார்கள். "ஆஃப் பண்ணினா திரும்ப எடுக்காதோ" என்ற பயம் மனசுக்குள் இருந்தால், கோளாறு பேட்டரியில் இருக்கலாம். அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று நிறுத்திவைத்தே ஓட விடுகிறவர்களும் உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து கிடைக்கிற கரண்ட் கொஞ்சம்தான், அதையும் ஏ.சி.யின் காற்றாடி தின்றுவிடும்.

உண்மையில் சும்மா ஓடவிடுவதால்தான் டீசல் இன்ஜின் கெடுகிறது. சுமை இல்லாமல் சுற்றும்போது உள்ளே போதிய சூடு ஏறாது, டீசல் முழுசாக எரியாது. எரியாத மிச்சம் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும், சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலிலும் கலக்கும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். அந்த ஃபில்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளப் புகை நல்ல சூட்டில் வர வேண்டும். நிற்கும் வண்டியில் அந்தச் சூடு வராது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். புது வண்டிகளில் நைட்ரஜன் வாயுக்களைக் குறைக்கிற அமைப்பும் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டுக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். புது வண்டி, புகையே வராது என்று சொல்கிறவர்கள் பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்றால் அந்தப் புதுமை பாதி உதவாமல் போகிறது.

காலையில் பத்து நிமிடம் சூடாக்குவதும் தேவையில்லை. ஸ்டார்ட் செய்து ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடமும் ஷெட்டுக்கு வெளியேதான். அப்புறம் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிலேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டிப்போங்கள். நின்று சூடாவதைவிட ஓடிச் சூடாவது சீக்கிரம் நடக்கும். ஒன்றே ஒன்று, டர்போ உள்ள வண்டியில் சுமையோடு மேடேறி வந்தோ வேகமாக ஓட்டி வந்தோ நிறுத்தினால், அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் ஓட விட்டு அணைப்பது நல்லது. இதை உங்கள் மெக்கானிக் சொன்னால் அவர் சொல்வது சரி.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். காலையில் பத்து நிமிடம், மதியம் முப்பது, நடுவில் அங்கங்கே நிற்பது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவு வண்டி ஏ.சி.யோடு நின்றால் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் என்று குறைத்தே எடுத்துக்கொண்டேன். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் 150 லிட்டர் டீசல், ஒரு அடி கூட நகராமல் எரிந்துபோகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகும். ஒரு கிலோ கூட எடையில்லாத டீசலிலிருந்து அவ்வளவு எப்படி வரும் என்று என் மகன் ஒருமுறை கேட்டான். டீசலில் இருக்கும் கார்பன், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடிவிடுகிறது. ஆக, உங்கள் ஒரு வண்டியிலிருந்து மட்டும் வருடத்துக்கு 400 கிலோ. வாசலில் எத்தனை வேன் நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். இதோடு கரித்துகளும் வெப்பத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், நைட்ரஜன் வாயுக்கள் வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரை மட்டத்தில் ஓசோனாகும். உயரத்தில் இருந்தால் நம்மைக் காக்கிற ஓசோன், மூச்சில் கலந்தால் நெஞ்சை எரிக்கும்.

உங்கள் தலைவலிக்கும் இருமலுக்கும் இப்போது வருகிறேன். நான் தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவர். பணிமனைகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஒரு பணிமனையில் வண்டிகளைப் பின்பக்கமாகச் சுவரைப் பார்த்து நிறுத்துவார்கள். அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில், சம இடைவெளி விட்டு, வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் இருந்தன. முதலில் யாரோ பெயின்ட் அடித்த குறி என்றுதான் நினைத்தேன். பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன், மைப்புட்டியில் முக்கியது போல் வந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு சைலன்சர் ஊதிய இடம். அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் பெஞ்ச் போட்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாருக்கும் இருக்குதும்மா" என்றார், அது ஏதோ இயல்பான விஷயம் போல. நீங்கள் எழுதிய "கொஞ்ச நாளாக வறட்டு இருமல்" அதே தொனியில்தான் இருக்கிறது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்தால் புகை உள்ளே வராது என்று நினைப்பீர்கள். வண்டிக்குள் காற்று நுழையும் வழி பெரும்பாலும் முன் கண்ணாடியின் அடியில், பானெட் முடிகிற இடத்தில் இருக்கிறது. வரிசையில் உங்கள் முன்னால் நிற்கிற வேனின் சைலன்சருக்கு அது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். முன்வண்டி விடுகிற மூச்சைத்தான் பின்வண்டி குடிக்கிறது, உங்கள் புகையை உங்களுக்குப் பின்னால் நிற்பவர் குடிக்கிறார். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்தினால் துகள்கள் ஓரளவு குறையும். ஆனால் பிள்ளைகள் ஏறி நிறைந்த பிறகும் அப்படியே விட்டால், அவர்கள் விடும் மூச்சிலேயே கார்பன் டை ஆக்ஸைடு ஏறி எல்லோருக்கும் மந்தமாகும், உங்களுக்கும் தூக்கம் தட்டும். வரிசையிலிருந்து வெளியே வந்ததும் மறக்காமல் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். இன்னொன்றும் உண்டு: இன்ஜின் ஓடும்போது பின்கதவைத் திறந்து வைத்தால் புகை நேராக வண்டிக்குள் சுழன்று வரும். ஒன்பது வருட வண்டி வேறு. சைலன்சரின் இணைப்புகள், தரைத் தகட்டில் துருப்பிடித்த ஓட்டைகள், கதவு ரப்பர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் தூங்கவே கூடாது.

முகக்கவசம் போட்டால் போதுமா என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். என்95 கவசம் துகள்களைத்தான் தடுக்கும், கார்பன் மோனாக்ஸைடும் நைட்ரஜன் வாயுக்களும் அதன் வழியே தாராளமாக வரும்.

என் தொழிலிலேயே நான் தாமதமாகக் கற்ற பாடம் ஒன்றையும் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒரு வார்டின் செவிலியர்களுக்கு மட்டும் மதிய நேரத்தில் தலைவலி வந்துகொண்டிருந்தது. வேலைப்பளு, தூக்கமின்மை, கண் பரிசோதனை என்று எல்லா வழியிலும் தேடினோம். கடைசியில் ஒரு செவிலியர்தான் கண்டுபிடித்தார். வார்டுக்குள் வெளிக்காற்றை இழுக்கும் வழியின் நேர்கீழே ஆம்புலன்ஸ் நிற்கும், உள்ளே இருக்கும் கருவிகளுக்கு மின்சாரம் வேண்டுமென்று இன்ஜினை அணைக்காமலே வைத்திருப்பார்கள். ஓட்டுநர்கள் மேல் தப்பே இல்லை, அவர்களுக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை. நிற்கும் இடத்தை மாற்றி, சுவரிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு இணைப்பும் கொடுத்த பிறகு, அந்த வார்டிலிருந்து யாரும் தலைவலி என்று வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் அங்கே படுத்திருந்த நோயாளிகளை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே உங்கள் தலைவலிக்குப் புகை காரணமாக இருக்கலாம். கண் பார்வை, ரத்த அழுத்தம், தண்ணீர் போதாமை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இருமலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த இருமலுக்கும், சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் வேண்டுமா என்று மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பல இடங்களில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் தேவையில்லாமல் இன்ஜினை ஓட விடக்கூடாது, பள்ளியை ஒட்டி என்றால் ஒரே நிமிடம். டொரான்டோவில் எங்குமே ஒரு நிமிடம்தான். ஹாங்காங் 2011-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நிற்கும் வண்டியில் காரணமில்லாமல் இன்ஜினை ஓட விடுவது குற்றம். உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், பள்ளி நிர்வாகமே வாசலில் "இன்ஜினை அணைக்கவும்" என்று ஒரு பலகை வைக்கலாம், அதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்களே போய்க் கேளுங்கள். ஓட்டுநர் கேட்டால் அதற்கு எடை அதிகம்.

மதிய வெயிலில் ஏ.சி. இல்லாமல் எப்படி என்பது நியாயமான கேள்வி, பிள்ளைகள் கொதிக்கிற வண்டியில் ஏறக்கூடாது. நிழலில் நிறுத்த முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாசலுக்குப் பக்கத்தில் நிழல் இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் வரலாமா என்று மற்ற ஓட்டுநர்களோடு பேசிப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு வரிசை முறை வைத்துக்கொண்டால் இடம் பிடிக்க முன்கூட்டியே வர வேண்டிய அவசியமே குறையும். இன்ஜினை அணைத்ததும் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை விட்டு இறங்கி, புகை வராத பக்கமாகப் போய் நில்லுங்கள். மணி அடித்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து உள்ளே அடைபட்ட சூட்டை வெளியேற்றுங்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, கதவுகள் மூடிய பிறகு ஸ்டார்ட் செய்து ஏ.சி. போட்டால், வண்டி நகர நகர வேகமாகக் குளிர்ந்துவிடும், நிற்கும்போது அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஒரே ஒரு விலக்கு: உடம்பு சரியில்லாத குழந்தை உள்ளே உட்கார்ந்திருக்கிறது, வெயில் கடுமை என்றால், தயங்காமல் ஏ.சி.யை ஓட விடுங்கள். மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி ஏறிவிடும், அந்த நேரத்தில் புகைக் கணக்கு பார்க்கக்கூடாது.

தலைவலிக்குச் சொன்ன வழி இதுதான். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: இன்று எவ்வளவு நேரம் இன்ஜின் ஓட நின்றேன், தலைவலி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது விட்டது. முதல் ஐந்து நாள் எதையும் மாற்றாமல் எழுத வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்வேன். உங்களுக்கு அது வேண்டாம், இன்றிலிருந்தே அணைத்துவிடுங்கள், போன வாரம் எப்படி இருந்தது என்பதை நினைவிலிருந்து எழுதினால் போதும். விடுமுறை நாளையும் விடாமல் எழுதுங்கள். விடுமுறையில் தலைவலி இல்லாமல், வேலை நாளில் மட்டும் வந்தால் அது மருத்துவருக்குப் பெரிய தடயம். அணைத்த பிறகும் அதே போல் வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும், அதற்கும் இந்த நோட்டு உதவும்.

அந்தப் பாட்டியை நாளைக்கும் அதே வாசலில்தான் பார்ப்பீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு வணக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள் தம்பி, நோட்டில் என்ன வந்தது என்று. அப்பா காலையில் எப்படி எழுந்திருக்கிறார் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.